நாலா கமிட்டியின் கார்பன் நகல்

1

சென்ற செவ்வாய்க்கிழமை சலோமி வந்து என்னிடம் ஒரு காகிதம் கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை எடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. இரும்புப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில் இருக்கிறது. எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. நாளை கடைசி நாள்.

கதை பிறந்த கதை இவ்வளவுதான். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமலிருக்க எனக்குத் தெரிந்த கௌரவமான வழி எழுதுவது. மெயின்லேண்டுப் பத்திரிகைகளில் இரண்டு முறை என் பெயர் அச்சில் வந்திருக்கிறது, அந்த இரண்டு முறையும் ஏதோ ஒரு வேலையிலிருந்து தப்பித்துக்கொண்டுதான் இருந்தேன்.

விஷயத்தை உடனே சொல்லிவிடுகிறேன். உங்களை இழுத்தடிக்க எனக்குத் தெம்பு இல்லை. பதினோராம் மைல் என்ற குடியேற்றத்தில் (பெயரை மாற்றியிருக்கிறேன், போர்ட் பிளேரில் இறங்கித் தேடாதீர்கள்) 1968-க்கு முன்பே குடியிருந்தோம் என்று காட்ட ஏதாவது அத்தாட்சி இருந்தால், அங்கே வீட்டு மனைக்குப் பட்டா கொடுக்கிறார்களாம். சலோமியும் இன்னும் ஆறு குடும்பங்களும் அங்கே பதினோரு வருஷம் இருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தவள். ஆபீசில் கண்ணால் பார்த்தது செல்லாது, காகிதம் வேண்டும்.

"கமிட்டி காகிதமெல்லாம் நீங்கதானே டீச்சர்ஜி எழுதுவீங்க. எங்க பேரு எதுலயாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஒன்றே ஒன்றில் இருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"நீலக் கடல் சூழ்ந்த அந்தமான் தீவில், பாரதத்தின் எல்லா மாநில மக்களும்"

(பள்ளி ஆண்டு விழா வாசனை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.)

"தை பிறந்தால் இங்கே தண்ணீர் போய்விடும். எட்டு மாதம் கொட்டித் தீர்த்த மழை எங்கே போயிற்று என்று யாருக்கும்"

(இது பரவாயில்லை. ஆனால் அது எங்கே போயிற்று என்று ஒருத்திக்குத் தெரிந்திருந்தது, அவள் சொன்னாள், நான் கேட்டேன். அதனால் இந்த வாக்கியம் பொய்.)

"சலோமி உயரமான, கறுத்த, எப்போதும் சிரித்த முகமுள்ள"

(எப்போதும் சிரித்தாள் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அவள் என் வீட்டுக்கு வரும்போது சிரிப்பாள். அது என் வீடு, அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவள்.)

ஆக, தொடக்கம் இல்லாமலே உள்ளே வந்துவிட்டோம்.

3

சலோமி யார் என்று சொல்ல வேண்டும். ராஞ்சிக்காரர்கள் என்று இங்கே பொதுவாகச் சொல்லுவோம், சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து காடு வெட்டுவதற்காகக் கூட்டிவந்தவர்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்கு நிலம் கொடுத்தார்கள். என்னைப் போலச் சர்க்கார் வேலைக்கு வந்தவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். மரத்தை வெட்டி அந்த நிலத்தையும் குவார்ட்டர்ஸ் இடத்தையும் உண்டாக்கியவர்களுக்கு, வேலை முடிந்ததும் திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட் என்று பேச்சு. பலர் போகவில்லை. போய் என்ன செய்வார்கள். நாலாவுக்கு மேலே இருந்த மேட்டில் ஏழு குடிசை போட்டுக்கொண்டார்கள்.

நாலா என்றால் இங்கே ஓடை. ஊரே எல்லா மொழியிலும் அதை நாலா என்றுதான் சொல்லும். காட்டிலிருந்து இறங்கி வந்து, எங்கள் ஊருக்கு மேலே ஒரு மடுவில் தேங்கும். சலோமி தினமும் காலையில் இரண்டு டின் தண்ணீர் என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஐந்து வருஷம். மடுவில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது மேட்டுக் குடிசைக்காரர்களின் வழக்கம். பிளந்த மூங்கிலை வைத்து அதன் வழியாக டின்னில் பிடிப்பார்கள். மேலே மிதக்கும் இலையை மட்டும் தள்ளுவார்கள், அடியில் கிடப்பதைத் தொடமாட்டார்கள். கரையில் தாழையும் பிரம்பும் புதராகக் கிடக்கும், அதையும் தொடமாட்டார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு சிக்கல். சலோமி பேசியது தீவு இந்தி. தமிழில் அவளுக்கு 'தண்ணி', 'நாளைக்கு', 'போதும்' தெரியும். இந்தக் கதையில் அவளுக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது? கொச்சையாக, "டீச்சர் வேணா தோண்டு" என்று எழுதிப் பார்த்தேன். சினிமா கோமாளி மாதிரி வந்தது. அடித்துவிட்டேன். ஏட்டுத் தமிழில் எழுதினேன், வானொலிச் செய்தி வாசிக்கிறாள். கடைசியில் என் மேலூர்ப் பேச்சையே கொடுத்துவிட்டேன். அவளைக் கேட்காமல்தான் கொடுத்தேன். அவளுக்காக எது முடிவு செய்தாலும் கேட்காமல் செய்வது எனக்குப் பழக்கம், அது இன்னும் போகவில்லை.

4

1967 மழை முடியும் சமயம் நாலா கமிட்டி அமைத்தோம். கோடையில் தண்ணீர்ச் சண்டை வராமல் ஓடையை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யோசனை. நல்ல யோசனை. இதைக் கிண்டலாக எழுதவில்லை.

யாரைச் சேர்ப்பது? தலைவர் ஹரிபதோ பாபு வங்காளி, கிழக்கு வங்காளத்துப் பரிசாலில் வீடு வாசல் குளம் எல்லாம் விட்டுவிட்டு வந்தவர், யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மொழிக்கு ஒருவர் என்று முடிவானது. வங்காளிக்கு அவர். தமிழுக்கு மளிகைக்கடை அப்துல் கனி. தெலுங்குக்கு ஒருவர், மலையாளத்துக்கு ஒருவர். இந்திக்கு மரக்கடை திவாரி.

பிறகு "ஏக் லேடி பீ சாஹியே" என்றார் ஹரிபதோ பாபு. பெண்களிலும் ஒருவர் வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விசாலாட்சி டீச்சர், கையெழுத்து அழகு, இங்கிலீஷ் தெரியும். ஊரில் தண்ணீருக்காக நாலாவுக்குப் போகாத ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

கூட்டம் முடிந்து வரும்போது அப்துல் கனியிடம் கேட்டேன், "மேட்டு ஆளுக யாரும் இல்லையே?"

"அவுக ஹிந்தி பேசுறவுகதானே டீச்சரம்மா. திவாரி இருக்காக. அதுலயே அடங்கிட்டாக" என்றார்.

சரிதான் என்று பட்டது. திவாரி ஒருநாளும் அந்த மேட்டில் ஏறியதில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசுவது இந்தியும் இல்லை, அதை நான் ஐந்து வருஷமாகக் காதால் கேட்டிருக்கிறேன்.

பின்னால் ஒரு பெரிய அதிகாரி வந்தபோது எங்கள் கமிட்டியைப் பார்த்து, இதுதான் குட்டி இந்தியா என்று பாராட்டினார். ஆறு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். தேநீர் கொடுத்தோம். தேநீருக்குத் தண்ணீர் சலோமி கொண்டுவந்தது.*

* இதைக் கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கதைக்காகச் சேர்த்திருந்தால் அவளைக் கதவோரம் நிற்க வைத்திருப்பேன். அவள் டின்னை வைத்துவிட்டுப் போய்விட்டாள், அவளுக்கு வேறு வேலை இருந்தது.

5

இனி வருவது நான் எழுத விரும்பாத பகுதி.

டிசம்பர் கூட்டத்தில் கோடைக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஹரிபதோ பாபு என் பக்கம் திரும்பி, "டீச்சர்ஜி, ஆப் போலியே" என்றார். நான்கு கூட்டத்தில் முதல் தடவையாக என்னைப் பேசச் சொன்னார்கள். அதுவரை எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"எங்க ஊருல கோடைக்கு முன்னாடி கம்மாயத் தூர் வாருவாங்க" என்று ஆரம்பித்து இந்தியில் விளக்கினேன். அடியில் கிடக்கும் சேற்றை அள்ளிக் கரையில் போட வேண்டும். கரையில் மண்டிய புதரை வெட்ட வேண்டும். ஆழமானால் அதிகத் தண்ணீர் நிற்கும். எங்கள் ஊரில் வருஷா வருஷம் செய்வதுதான்.

ஹரிபதோ பாபுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் சுத்தமான கரை, படித்துறை வைத்த குளம்தான் தண்ணீர் என்றால். தெலுங்குக்காரரும் தங்கள் ஊரில் இது உண்டு என்றார். மலையாளத்துக்காரர் வெட்டிய இடத்தில் தென்னை வைக்கலாம் என்றார். ஆறு பேரும் ஆளுக்கொரு ஊரின் குளத்தை மனசில் வைத்துக்கொண்டு ஒரே தீர்மானம் போட்டோம். ஜனவரி இருபத்தாறு, சிரமதானம். கொண்டுவந்தவர்: லேடி மெம்பர். என் பெயரை நானே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினேன், கொஞ்சம் பெரிதாக.

6

இருபத்தைந்தாம் தேதி காலை. சலோமி டின்னை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டீச்சர்ஜி, நாளைக்கு மடுவத் தோண்டப் போறாங்களாமே."

"ஆமா. தூர் வாரணும்ல. நல்லதுதான்."

"அடியில இருக்குற களிமண்ணுதான் சட்டி. அதுக்குக் கீழ எல்லாம் உடைஞ்ச கல்லு. சட்டிய உடைச்சா தண்ணி நிக்காது. தாழையும் பிரம்பும் வெட்டாதீங்க, அதோட வேருதான் மண்ணப் புடிச்சிருக்கு. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பார்க்கிறேன் என்றேன்.

(இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருவது வழக்கம். சலோமிக்கு இவ்வளவு தெரிந்திருக்குமா, ஆசிரியை பின்னால் வந்த அறிவை அவள் வாயில் வைக்கிறாளா? அப்படிச் சந்தேகப்பட எனக்கு எவ்வளவு ஆசை. நாலைந்து வரைவில் அவளை இதைவிடக் குழப்பமாகப் பேச வைத்துப் பார்த்தேன், புரியாததால்தான் விட்டுவிட்டேன் என்று ஆகட்டுமே என்று. ஆனால் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குப் புரிந்தது. அன்று மாலை அவசரக் கூட்டம் ஒன்றும் இருந்தது, நான் போயிருந்தேன், மண்வெட்டி எத்தனை என்று பேசினோம். என் தீர்மானத்துக்கு எதிராக நானே பேச எனக்கு மனசு வரவில்லை. அது ஒன்றுதான் என் பெயரில் இருந்தது.)

7

தோண்டினோம். கொடி ஏற்றி, பிள்ளைகளைப் பாட வைத்து, எல்லா மொழிக்காரரும் வரிசையாக நின்று கூடை கை மாற்றினோம். அப்துல் கனி கடையிலிருந்து வெல்லமும் அவலும் வந்தன. அது சந்தோஷமான நாள். அதை மட்டும் தனியாக எடுத்தால் நல்ல கதை.

மடு இரண்டு முழம் ஆழமானது. மூன்று வாரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. மார்ச் பாதியில் கல் தெரிந்தது. வெட்டிய கரை சரிந்தது, அதில் வைத்த தென்னங்கன்றுகளும் காய்ந்து போயின.

8

ஏப்ரல் கூட்டம். ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. காரணம் யாராவது வேண்டும். திவாரி சொன்னார், மேட்டில் இருப்பவர்கள் மேலேயே தண்ணீரை மறித்துவிட்டார்கள், மரத்தை வெட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பட்டா இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ஊரில் சேர்த்தியே இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் காலி செய்ய வைக்க வேண்டும். ஹரிபதோ பாபு தலையைக் குனிந்துகொண்டார். வீட்டை விட்டு ஓடிவந்தவருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்துல் கனி மட்டும், "நம்மதானே தோண்டுனோம்" என்று முனகினார். முனகல் மினிட்ஸில் ஏறாது.

"டீச்சர்ஜி, இங்கிலீஷில் எழுதுங்கள்" என்றார்கள்.

கார்பன் வைத்து எழுதினேன். ஏழு குடும்பத் தலைவர்களின் பெயர் எனக்குத்தான் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. சலோமி விதவை, அதனால் அவள் பெயரே தலைவர் பெயர், முதலில் வந்தது. எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்றும் எழுதினேன், ஆக்கிரமிப்பு எவ்வளவு பழையது என்று காட்ட. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். நகலில் ஆபீசின் ரப்பர் ஸ்டாம்பு வாங்கி வைத்துக்கொண்டேன், தேதியோடு. நான் ஒழுங்கானவள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சலோமி அந்த மேட்டில் குடியிருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அவளை அங்கிருந்து விரட்ட நான் எழுதிய கடிதம். அசல் போன ஆபீசில் தங்கள் பெயர் எதிலாவது உண்டா என்று கேட்டுப் பார்த்தாளாம், பழைய கட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது என்றார்களாம்.

9

மே மாதம் மேட்டுக் குடிசைகளை இடிக்க யானை கொண்டுவந்தார்கள். எந்த இலாகா என்று எழுதப் போவதில்லை, ஆட்களும் யானையும் சொன்னதைத்தான் செய்தார்கள். நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூங்கில் முறியும் சத்தம் வகுப்புவரை கேட்டது. பிள்ளைகள் எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தார்கள், நான் தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை.

மறுநாள் காலை சலோமி வந்தாள். இரண்டு டின் தண்ணீரோடு. எங்கிருந்தோ சுமந்து வந்திருக்கிறாள், முழங்கால்வரை சேறு.

"நீங்க சொல்லித்தான் பாத்திருப்பீங்க டீச்சர்ஜி. அவங்க கேக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தத் தண்ணீரில் சமைத்தேன். சாப்பிட்டோம்.

10

அவள் அதற்குப் பிறகு சதுப்புக் கரையில் இருக்கிறாள். உப்புத் தண்ணீர், வருஷத்துக்கு ஒரு முறை குடிசை மிதக்கும். நாங்கள் போர்ட் பிளேரில் மரைன் ஹில்லுக்கு வந்துவிட்டோம். குழாயில் தண்ணீர் வருகிறது. கமிட்டி எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை. நாலா மழையில் மட்டும் ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை அவளிடம் கேட்டேன், பட்டா கிடைத்தால் எந்த இடம் வேண்டும் என்று. அதே மேடுதான் என்றாள். "பிரம்பு திரும்ப வச்சா பத்து வருஷத்துல தண்ணி நிக்கும். நான் இருப்பனோ என்னமோ, பிள்ளைங்க இருக்கும்ல."

என் கணவர் பாலசுப்பிரமணியம் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "இத ஏன் இப்பக் கிளர்ற? பேசாம காயிதத்தக் குடுத்துட்டு வா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியவா போகுது?" என்றார்.

நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். அதனால் சில முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: காகிதத்தைக் கொடுக்கிறேன், அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிறாள், பட்டா கிடைக்கிறது. ஒன்றும் தெரியாமல் எனக்கு நன்றி சொல்கிறாள். (சுகமான முடிவு. பத்திரிகையில் போடுவார்கள்.)

இரண்டாவது: அழுதுகொண்டே எல்லாம் சொல்கிறேன், அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். (இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

மூன்றாவது: காகிதம் கிடைக்கவில்லை என்கிறேன். அதை எழுதியே பதினோரு வருஷம் ஆயிற்று, எத்தனை வீடு மாறினோம், அவளும் நம்புவாள். (இதை ஒரு வரியில் எழுதிவிட்டு வெகுநேரம் அடிக்காமல் வைத்திருந்தேன்.)

நேற்று அபர்டீன் பஜாரில் விண்ணப்பப் பாரம் வாங்கினேன். எல்லா முடிவையும் அது கெடுத்துவிட்டது. கடைசிப் பத்தியில் போட்டிருக்கிறது: படிக்கத் தெரியாத மனுதாரருக்கு, இணைத்துள்ள பத்திரங்கள் முழுவதும் அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டன. வாசித்தவர் கையெழுத்து. யாரும் கிடைக்காவிட்டால் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாவே வாசித்துவிடுவாராம். ஆக, சலோமி அந்தக் கடிதத்தைக் கேட்கத்தான் போகிறாள். நாளைக் காலை வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஒரு ஆள் சத்தமாக வாசித்து, கீழே உள்ள ஆறு பெயரையும் சொல்லுவார். அல்லது இன்று நான் வாசிக்க வேண்டும்.

11

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் எழுந்து போய்விடுவது உண்டு. உங்களிடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள், உங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நானும் எழுதமாட்டேன். வாசித்துக் காட்டினேன் என்று எழுதிவிட்டால் வாசித்துவிட்ட மாதிரி ஆகிவிடும் எனக்கு. என்னை எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துவிட்டேன். மை மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. இந்தியில் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஆக்கிரமிப்பு என்பதற்கு இந்தி வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சலோமி வந்துவிட்டாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறாள். குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். "கெடச்சுதா டீச்சர்ஜி?" என்று அங்கிருந்தே கேட்கிறாள்.

கடிதத்தின் முதல் வரி: பதினோராம் மைலில் வாழும் எல்லா மொழி, எல்லா மத மக்களும் ஒருமனதாகத் தெரிவித்துக்கொள்வது.

இரண்டாவது வரி அவள் பெயரில் ஆரம்பிக்கிறது.